கணக்கு நோட்டில் ஏறாத செலவு

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாசிக்கவும்.

சென்ற வாரம் முதுகலை மாணவர் ஒருவர் உள்பெட்டியில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பள்ளியை விட்டு நின்றுவிட்ட தம்பியைத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதவைக்க முயல்கிறாராம். மற்ற பாடங்களை எப்படியோ சமாளித்துவிடலாம், ஆங்கிலம்தான் அச்சுறுத்துகிறது, டியூஷனுக்குப் பணமில்லை, நீங்கள் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்ததாக அறிந்தேன், எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டிருந்தார்.

என்னிடம் கணக்கு நோட்டு இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் 2025 மார்ச் வரை 14 மாதங்களுக்கு ஆன செலவு 2,900 ரூபாய். அந்தத் தொகையை மட்டும் பதிலாக அனுப்பியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். ஆகவே இந்தப் பதிவு.

ஹைதராபாத்தில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. அத்தான் பாலாநகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அவர்களின் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது காசநோய் கண்டறியப்பட்டது. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கென்று அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. அது முட்டைக்கும் பாலுக்கும் போயிற்று. 6 மாத மருந்து முடிந்து உடல் தேறியது. பள்ளிதான் தேறவில்லை. அவள் படித்த தனியார் பள்ளி, விடுபட்ட மாதங்களின் கட்டணத்தையும் செலுத்தி ஒன்பதாம் வகுப்பை மீண்டும் படிக்கச் சொன்னது. அத்தானால் இயலாது. அதற்கும் முன்பாக, அவளே திரும்பிப் போக மறுத்துவிட்டாள். காரணம் கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அவளுக்கு 14 முடிந்திருந்தது. அந்த வயதில் திறக்கும் கதவு தேசியத் திறந்தநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்புச் சான்றைக் காட்டிச் சேர்ந்துவிடலாம். 5 பாடங்கள் போதும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. தவறினால் ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் மீண்டும் எழுதலாம். சேர்க்கைக் கட்டணத்தை அத்தான் கட்டினார். கணக்குப் பாடத்தை என் விடுதித் தோழி ஏற்றுக்கொண்டாள். ஆங்கிலம் இயல்பாகவே என் பங்காயிற்று. மொழியியலில் முதுகலை முடித்தவள். ஒரு பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் சொல்லித்தர இதைவிட வேறென்ன தகுதி வேண்டும் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். "நீ படிச்ச படிப்பு இதுக்காவது உதவட்டும்" என்றாள்.

அவள் பெயரை எழுதக்கூடாது என்பதும், வீட்டில் கூப்பிடும் 'பாப்பா'வை எழுதவே கூடாது என்பதும் அவள் விதித்த நிபந்தனைகள். முதலாவதை மட்டும் காப்பாற்றுகிறேன். இரண்டாவதை மீறுவதற்கு, பேரம் பேசி, ஒரு பிரியாணிக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன்.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு உடனடியாகப் பயன்படுவது அதுதான். தகுதித்தேர்வு வழி உதவித்தொகை பெறாத ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் என்பது உங்களில் பலருக்கும் தெரிந்த கதை. விடுதி உணவுக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் போக, பாப்பாவுக்கென்று மாதம் 300 ரூபாய் ஒதுக்கினேன். அதுவும் முழுதாகச் செலவாகவில்லை.

திறந்தநிலைப் பள்ளியின் பாடநூல்கள் சேர்க்கைக் கட்டணத்திலேயே அடங்கும். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும் இணையத்தில் இலவசம். ஆனால் வீட்டில் இருந்தது ஒரே கைபேசி. அது இரவு 8 மணிக்கு அத்தானோடு வீடு திரும்பும். ஆகவே தாள்தான் வழி. பத்தாம் வகுப்பு ஆங்கில நூல் ஒன்றை முழுவதும் நகலெடுத்த பிறகுதான், அச்சான நூலே நகலைவிட மலிவு என்று தெரிந்தது. பாடநூல்களும் நகல்களும் சேர்ந்து 720 ரூபாய். பழைய ஆங்கில அகராதி ஒன்று 180. நோட்டுகள் 14, தலா 45 வீதம் 630. பேனாக்கள் 130.

மீதி 1,240 ரூபாய் அபிட்ஸ் நடைபாதைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் அடைத்திருக்க, அவற்றின் வாசலில் பழைய புத்தகங்கள் விரிக்கப்படும் இடம் அது. ஹைதராபாத்தில் படித்தவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பாப்பாவை அங்கே அழைத்துச் செல்வேன். 100 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன். தேர்வு அவளுடையது. 10 பக்கம் படித்துப் பிடிக்கவில்லை என்றால் கீழே வைத்துவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்பது ஒப்பந்தம். டிங்கிள் பழைய இதழ்கள், அட்டையில்லாத துப்பறியும் கதைகள், ரஸ்கின் பாண்ட், மீன்தொட்டி வளர்ப்பு பற்றிய ஒரு நூல், செஞ்சிலுவைக் குறியிட்ட ஒரு முதலுதவிக் கையேடு என 14 மாதங்களில் 31 நூல்கள் சேர்ந்தன. அவள் இருமுறை படித்தது முதலுதவிக் கையேட்டை.

போக்குவரத்துச் செலவு என்ற பத்தி நோட்டில் காலியாகவே இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து தெலங்கானாவில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை. வளாகத்திலிருந்து அக்கா வீட்டுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். வாரம் இருமுறை போய்வருவதற்கு அந்தத் திட்டம் இல்லாவிட்டால், இந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. அடுத்தது நான் செய்த தவறு.

முதல் இரண்டு மாதங்கள் நான் ஆசிரியையாக நடந்துகொள்ளவில்லை. தரவு சேகரிக்கும் ஆய்வாளராக நடந்துகொண்டேன். அவள் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம் எழுதிவைப்பாள். நான் சிவப்பு மையால் பிழைகளை வட்டமிட்டு, வகை பிரித்து, என் மடிக்கணினியில் ஏற்றுவேன். சுட்டிடைச்சொல் பிழை, காலப் பிழை, முன்னிடைச்சொல் பிழை, எழுவாய்-பயனிலை இயைபு. பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரையை நாமெல்லாம் முதலாண்டில் படித்திருக்கிறோம். கற்பவரின் பிழைகள் அவருக்குள் உருவாகிவரும் மொழியமைப்பின் தடயங்கள் என்பது அதன் சாரம். நான் அந்தத் தடயங்களை மிகுந்த மரியாதையோடுதான் சேகரித்தேன். ஆனால் பாப்பாவின் கண்ணில் பட்டது சிவப்பு மை மட்டுமே.

விளக்கங்களும் கொடுத்தேன். அவற்றில் சில இன்றும் பயனுள்ளவை என்றே கருதுகிறேன். ஆங்கிலத்தின் 'தி' எங்கே வரும் என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெருஞ்சிக்கல். தமிழிலும் தெலுங்கிலும் அதற்கு நேரான சொல் இல்லை. ஆனால் 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு பாப்பாவுக்கு நன்றாகவே தெரியும். முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது நாமிருவரும் அறிந்த புத்தகம். அஃறிணையில் நீ 'ஐ' போடும் இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும் என்றேன். இது முழு விதியன்று. ஆனால் பாதி வழி கொண்டுபோய்விடும். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும்தான். எழுதத் தெரியாத தாய்மொழியும் இலக்கணம் கற்க உதவும் என்று அவள் கண்ட நாளில் அவள் முகம் மலர்ந்தது நினைவிருக்கிறது.

எட்டு வாரங்களில் என் வரைபடம் அழகாக இறங்கியது. 100 சொற்களுக்கு 18 பிழைகள் இருந்தது 5 ஆயிற்று. அக்காவிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கோடு கீழே இறங்குவதைக் கண்டு பயந்து, "குறையுதே?" என்றாள். குறைவதுதான் நல்லது என்று விளக்கினேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

பிறகு ஒரு நாள் வேறொரு வேலைக்காகப் பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் வாரத்தில் ஒரு வாக்கியத்துக்குச் சராசரி 11 சொற்கள் எழுதியவள், எட்டாம் வாரத்தில் 6 சொற்கள் எழுதியிருந்தாள். 'என் வீடு சிறியது. எனக்குத் தோசை பிடிக்கும். இன்று மழை.' ஆங்கிலத்தில் இவையெல்லாம் பிழையற்ற வாக்கியங்கள். ஒன்றில்கூட அவள் இல்லை. முதல் வாரப் பக்கத்தில் மாடியில் வளர்க்கும் புறாக்களைப் பற்றி, இலக்கணம் தடுமாற, மூச்சுமுட்ட ஓடும் ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. அதில் நான் 9 வட்டங்கள் போட்டிருந்தேன். அதன் பிறகு புறாக்கள் அவள் நோட்டுக்குத் திரும்பவேயில்லை.

மொழியியல் மாணவர்கள் இந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள் என்று தெரியும். ஜாக்குலின் ஷாக்டர் 1974-இல் காட்டியது இதைத்தான். பாரசீக, அரபு மாணவர்களைவிடச் சீன, ஜப்பானிய மாணவர்கள் ஆங்கிலத்தின் பெயர் தழுவும் தொடர்களில் குறைவாகப் பிழை செய்தார்கள். அவர்கள் அதை நன்றாகக் கற்றுவிட்டார்கள் என்று பிழைக்கணக்கு சொல்லும். உண்மையில் அவர்கள் அந்தத் தொடர்களை எழுதுவதையே தவிர்த்திருந்தார்கள். பிழைகளை மட்டும் எண்ணுகிறவருக்குத் தவிர்ப்பு தெரியாது. இந்தக் கட்டுரையை நான் வகுப்புக் கருத்தரங்கில் வழங்கியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் அக்கா மகள் என் கண்ணெதிரே எட்டு வாரம் அதையே செய்தபோது அடையாளம் காணவில்லை. வரைபடத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அதை அவளிடம் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. பேச்சைத் தொடங்கியது அவள்தான். அதுவும் ஒரு பாடத்தின் வழியாக.

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புத் துணைப்பாட நூலில் ரஸ்கின் பாண்டின் 'திருடனின் கதை' இருக்கிறது. கதைசொல்லி 15 வயதுத் திருடன். எழுத்தாளர் அனிலிடம் சமையல்காரனாகச் சேர்கிறான், சமைக்கத் தெரியாது. அனில் அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறார். ஓரிரவு அவர் படுக்கைக்கு அடியிலிருந்து 600 ரூபாயைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். ரயிலைப் பிடிக்கவில்லை, மழையில் நனைகிறான், முழு வாக்கியங்களை எழுதக் கற்கும் வாய்ப்பை இழக்கிறோமே என்ற எண்ணம் உறுத்தத் திரும்பி வந்து பணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறான். காலையில் அனில் அவனுக்கு ஒரு 50 ரூபாய்த் தாளைக் கொடுக்கிறார். அது இன்னும் ஈரமாக இருக்கிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இன்று வாக்கியம் எழுதத் தொடங்கலாம் என்கிறார்.

நான் வழக்கம்போலக் கதையின் காலப் பயன்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டேன். பாப்பா நூலை மூடினாள்.

"அவருக்குத் தெரிஞ்சுடுச்சுல்ல சித்தி, நோட்டு ஈரமா இருந்துச்சே. ஆனா ஒரு வார்த்தை கேக்கல. நீங்களா இருந்தா அதையும் வட்டம் போட்டிருப்பீங்க."

அக்கா அடுப்படியிலிருந்து "என்ன பேச்சுடி இது" என்று அதட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அன்று பாடத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு நோட்டுகளோடு போனேன். ஒன்று தேர்வு நோட்டு. அதில் திருத்தம் உண்டு, ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரே வகைப் பிழை மட்டும், அதுவும் பென்சிலால். மற்றொன்று கடித நோட்டு. அதில் அவள் எனக்கு ஆங்கிலத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நான் பேனாவைத் திறப்பது பதில் எழுத மட்டுமே. அவள் எழுத்தின் மீது ஒரு கோடும் விழாது. முதல் மூன்று வாரம் அவள் நம்பவில்லை. இரண்டு வரி எழுதி என்னைச் சோதித்தாள். நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன்: விடுதியில் தண்ணீர் வராத கதை, நெறியாளர் அத்தியாயத்தைத் திருப்பியனுப்பிய கதை. அதன் பிறகுதான் புறாக்கள் திரும்பி வந்தன.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஐந்து பக்கக் கடிதம் ஒன்று காத்திருந்தது. பள்ளிக்கு ஏன் போகமாட்டேன் என்று யாரிடமும் சொல்லாததை அதில் எழுதியிருந்தாள். முழுவதையும் இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. இருமிய பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் மறுநாள் பெஞ்சு மாறினாள், அதற்கு அடுத்த நாள் தண்ணீர் பாட்டில் பற்றி ஏதோ சொல்லப்பட்டது, வகுப்பு சிரித்தது. இந்த அளவுக்கு எழுத அனுமதி பெற்றிருக்கிறேன். அந்தக் கடிதத்தின் முதல் வாக்கியத்தில் 'தி ஸ்கூல் ஐ ஸ்டடீட்' என்றிருந்தது. 'இன்' இல்லை.

என் பழைய கை துடித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அது மிக அழகான பிழை. 'நான் படித்த புத்தகம்', 'நான் படித்த பள்ளி' இரண்டையும் தமிழ் ஒரே பெயரெச்சத்தால் சொல்லிவிடுகிறது. புத்தகம் படிக்கப்பட்ட பொருள். பள்ளி படித்த இடம். அந்த வேறுபாட்டைக் கேட்பவர் அறிவார் என்று தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடாது, பள்ளிக்கு ஒரு 'இன்' வைத்தே ஆகவேண்டும். தெலுங்கும் இந்த விஷயத்தில் தமிழின் பக்கம்தான். ஷாக்டர் சொன்ன தவிர்ப்பும் இதே அமைப்பில்தான் நிகழ்ந்தது: பெயருக்கு முன்னால் வரும் தொடரைப் பெயருக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டிய இடம். எட்டு வாரம் அவள் ஒதுங்கிப்போன வாக்கியத்தை, சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருந்ததால், பிழையோடு எழுதியிருந்தாள்.

நான் வட்டம் போடவில்லை. பதில் எழுதினேன். நீ படித்த பள்ளியில் நடந்தது உன் தவறன்று என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தில் 'இன்' தன்னியல்பாக இருந்தது. நம் துறையில் இதை மறுவார்ப்பு என்போம்: பிழையைச் சுட்டாமல், சரியான வடிவத்தைப் பதிலிலேயே அமைத்துக் கொடுப்பது. ஆனால் அன்று நான் எழுதியது உத்தியாக அன்று. அதைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு ஒரு சித்தியாகப் பதில் எழுதினேன். ஆகஸ்டில் அவள் எழுதிய வேறொரு கடிதத்தில், 'நாங்கள் முன்பு குடியிருந்த வீடு' என்ற இடத்தில், 'இன்' தானே வந்து உட்கார்ந்திருந்தது. நான் சொல்லவில்லை. அவளும் கவனிக்கவில்லை.

இவ்வளவும் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. நம் நாட்டு ஆங்கிலக் கல்வி வரலாற்றிலேயே இருக்கிறது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய சோதனையில், இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு சிந்திக்கவைக்கும் பணிகளைக் கொடுத்தார்கள். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது வடிவம் உள்ளே இறங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நானும் செகந்திராபாத்திலிருந்து திருநெல்வேலிக்கு, ஓரிடத்தில் மட்டும் மாறி, பாட்டியின் மருந்து வேளைக்குள் போய்ச் சேரும் வழியை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னேன். அட்டவணைக்குச் செலவில்லை. விவாதம் மூன்று நாள் நடந்தது. அக்காவும் கலந்துகொண்டாள், தமிழில்.

அதற்கும் முன்பு மைக்கேல் வெஸ்ட் இருக்கிறார். டாக்காவில் பணியாற்றியவர், வங்காளப் பிள்ளைகளுக்கு முதலில் தேவை வாசிப்பு என்று 1926-இல் எழுதினார். பள்ளியிலிருந்து பாதியில் நிற்கும் பிள்ளைகள்தான் மிகுதி. அவர்கள் கையில் மிஞ்சுவது எது என்று அவர் யோசித்தார். பாதியில் நிற்கும்போதும் பயன்தரக்கூடியது வாசிக்கும் திறன். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், பாதியில் நின்ற ஒரு பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு அதைப் படித்தபோது அது பழைய நூலாகத் தோன்றவில்லை. அபிட்ஸ் நடைபாதையின் 31 நூல்கள் செய்த வேலையை என் விளக்கங்கள் செய்திருக்க முடியாது.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தம்பிக்கு அதுதான் முதல் கவலை. கடைசி இரண்டு மாதம் கடித நோட்டைக் குறைத்துக்கொண்டோம். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம். அலுவல் கடிதம், பத்தி எழுதுதல், படித்துப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றுக்கு வடிவம் உண்டு. அந்த வடிவம் பழக்கத்தால் வரும். வாரம் ஒரு தாளைக் கடிகாரம் வைத்து எழுதினாள். ஒப்படைப்புகளை அலட்சியம் செய்யாதீர்கள். இறுதி மதிப்பெண்ணில் 20 விழுக்காடு அவற்றுக்கு உண்டு. அவள் பெற்ற மதிப்பெண் 64. பத்திரிகையில் படம் வரும் மதிப்பெண் அன்று. தேர்ச்சிக்குத் தேவையானது 33. அத்தான் லட்டு வாங்கிப் பட்டறை முழுவதற்கும் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. அவள் இன்னும் ஆங்கிலம் பேசத் தயங்குகிறாள். எழுத்தில் ஐந்து பக்கம் வருகிறவள், வாய்ச்சொல்லில் ஐந்து வாக்கியத்தோடு நின்றுவிடுகிறாள். பேச்சுக்கு ஒத்த வயதினர் வேண்டும். அதை வீடு தர இயலவில்லை. ஓராண்டுக்கு மேல் அவளுக்கு வகுப்புத் தோழர்கள் இல்லை என்ற உண்மையை எந்த மதிப்பெண்ணும் ஈடுசெய்யவில்லை. ஆகவே வீட்டுக்கல்வியே சிறந்தது என்று இந்தப் பதிவைப் படிக்காதீர்கள். பள்ளி அவளை வைத்துக்கொண்டிருந்தால் இதற்குத் தேவையே இருந்திராது.

இனி, 2,900 ரூபாய் ஏன் பொய் என்ற இடத்துக்கு வருகிறேன். வாரம் இரு வகுப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். பயணம் அதற்கும் மேல். 14 மாதம். அந்த நேரத்துக்கு நகரத்து டியூஷன் விலையைப் போட்டால் என் உதவித்தொகையில் பெரும்பகுதி போகும். அதை நோட்டில் எழுதவில்லை. சித்தி என்பதால் இலவசம். என் முதுகலைப் படிப்புக்கு அரசு செலவிட்ட பணமும், பல்கலைக்கழக நூலகமும், கணக்குச் சொல்லித்தந்த தோழியும் அந்த நோட்டில் இல்லை. பாடநூல், அகராதி, வினாத்தாள், கதைப்புத்தகம் எல்லாம் மலிவாகிவிட்டன, பல இலவசமாகிவிட்டன. கிடைக்காதது, ஒரு பிள்ளை எழுதியதை உட்கார்ந்து படித்து, அதில் சொல்லப்பட்டதற்குப் பதில் சொல்லும் ஓர் ஆள். 50 பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியருக்கு அதற்கு நேரமில்லை. இருவர் மட்டுமே இருந்த வகுப்பில் எனக்கு நேரம் இருந்தது. அப்படியிருந்தும் எட்டு வாரம் அதைக் கொடுக்கத் தெரியவில்லை.

எனவே கேள்வி கேட்ட நண்பருக்கு: மாதம் 200 ரூபாய் எடுத்துவையுங்கள், போதும். தம்பியே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் இலக்கணத்தில் வல்லவரா என்று கவலைப்பட வேண்டாம். விடைகள் நூலில் இருக்கின்றன. அவர் எழுதுவதற்கு வாரந்தோறும் பதில் எழுதுங்கள். உங்கள் ஆங்கிலத்திலும் பிழை இருந்தால் நல்லதுதான். அவர் தைரியம் கொள்வார்.

பாப்பா இப்போது அரசு ஜூனியர் கல்லூரியில் முதலாண்டு. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளாம். இதுவரை இடம் மாறவில்லை.

அந்த 31 நூல்களும் ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. முதலுதவிக் கையேட்டைத் தரமாட்டாளாம், மீதி 30. ஹைதராபாத்தில் இருப்பவர்கள், பத்தாம் வகுப்பைத் தனியே எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், எனக்குச் செய்தி அனுப்புங்கள். விலை இல்லை. ஆனால் புத்தகம் எடுத்துச் செல்லும் பிள்ளை, படித்தது பற்றி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி என் வழியாக அனுப்ப வேண்டும் என்கிறாள். பிழை இருக்கலாம். திருத்தமாட்டாள், பதில் எழுதுவாள்.